பதினாலாம் நம்பர் துண்டு

மார்ச் 30

அண்ணா,

உன் தங்கச்சிதான். எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல, வாய்க்கும் ஒண்ணுமில்ல. நீ எப்படி இருக்க? நாலு மாசம் ஃபோன் கிடையாது, யாரும் வந்து பாக்கக் கூடாது, லெட்டர் மட்டும்தான்னு சொல்லிட்டாங்க. அதையும் கவுன்சிலர் மேடம் படிச்சிட்டுதான் குடுப்பாங்களாமே. மேடம், வணக்கம். இவன் தட்டுல காய ஒதுக்குவான், விடாதீங்க.

உன்ன அங்க விட்டுட்டு வந்து எட்டு நாள் ஆச்சு. குடிய நிறுத்தற இடத்துல ஒரு தடிமாட்ட விட்டுட்டு வர்றது, சின்னப் புள்ளைய ஸ்கூல்ல முத நாள் விட்டுட்டு வர்ற மாதிரியே இருக்கு. நீ அழல. நான்தான் பஸ்ல கண்ல தூசினு சொல்லிட்டு வந்தேன்.

தோட்டத்துக்குப் போனேன். சங்கம் பிரிச்சுக் குடுத்திருக்கற நாப்பது துண்டு நிலத்துல நம்மளோடதுதான் பாக்க லட்சணமா இருக்கு. தக்காளி நாத்து இருபத்தி நாலும் நிமிந்து நிக்குது. பீன்ஸ் ரெண்டு வரிசை, மிளகாய் ஒரு ஓரம். அந்தச் சங்கத்து செயலாளர் இருக்காரே, சட்டைப் பைல அளவு டேப் வச்சுட்டுத் திரியறவர், அவருக்கு டேப் சார்னு பேர் வச்சிருக்கேன். கேட்டுலயே நிறுத்திட்டாரு.

"பதினாலு யாரு?"

"எங்கண்ணன் சார். நான் அவனுக்குப் பதிலா." நீ எழுதிக் குடுத்த அதிகாரக் கடிதத்த நீட்டினேன்.

"அண்ணன் எங்க?"

"வெளியூர் வேலை சார்."

மேல கேக்கல. விதிய மட்டும் ஒப்பிச்சாரு. ஜூலை 20 ஆய்வு. முக்காப் பங்கு இடத்துல பயிர் நிக்கணும். அன்னிக்கு துண்டு யார் பேர்ல இருக்கோ அவரே நேர்ல வந்து ரிஜிஸ்டர்ல கையெழுத்து போடணும். ரெண்டுல ஒண்ணு இல்லன்னாலும் சாவி அடுத்த ஆளுக்குப் போயிரும். வரிசைல அறுபத்தோரு பேர் இருக்காங்களாம், அத ஏதோ கோயில் கூட்டம் மாதிரி பெருமையா சொல்றாரு.

உன் நாலு மாசம் முடியறதும் ஜூலை 20தான். காலைல வெளிய வர்ற, பஸ் புடிக்கற, கையெழுத்து போடற. அதுவரைக்கும் உன் பயிர் என் பொறுப்பு. காலேஜ் ஒண்ணரை வருஷம், மொபைல் கடை மூணு வாரம், கூரியர் ஆபீஸ் ஒன்பது நாள்னு இருக்கறவகிட்ட போய் இத ஒப்படைச்சிருக்க. உன் தைரியத்தப் பாராட்டணும்.

அம்மா நல்லாருக்காங்க. லாண்டரில எப்பவும் போல நின்னுட்டே இஸ்திரி போடறாங்க. உன்னப் பத்திக் கேக்கல. ஆனா நான் லெட்டர் எழுத உக்காந்தா டிவி சத்தத்தக் குறைக்கறாங்க.

சாப்பிடு, தூங்கு, மேடம் சொல்றதக் கேளு.

வாலு


ஏப்ரல் 9

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. உடல் தேறி வருகிறது. கை நடுக்கம் காலையில் மட்டும். நீயும் அம்மாவும் சுகம்தானே? உன் கடிதத்தை மேடம் சிரித்துக்கொண்டே கொடுத்தார். இரண்டு நாளாக என் தட்டை எட்டிப் பார்க்கிறார். நீ உருப்படவே மாட்டாய்.

பாடப்புத்தகம் மாதிரி எழுதுகிறேன் என்று சொல்வாய். எனக்குப் பேனா பிடித்தால் இப்படித்தான் வரும்.

இங்கே மூன்று மாடி. லிஃப்ட் ஒன்று இருக்கிறது. இரண்டாவது மாடியில் நிற்கும்போது அரை அங்குலம் கீழே நிற்கிறது. பதினொரு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவனுக்கு அது பல்லில் மாட்டிய நார் மாதிரி. தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். தினமும் அந்த அரை அங்குலத்தைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறேன்.

இனி தோட்டம். காலை ஏழு மணிக்குள் தண்ணீர் விட்டுவிடு. வெயில் ஏறிய பிறகு விட்டால் வேர் வெந்துவிடும். இலை மேல் ஊற்றாதே, தண்டின் அடியில் ஊற்று. குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். டிரம்மில் பிடித்து வைத்துக்கொள். தக்காளி முழங்கால் உயரம் வந்ததும் குச்சி நட்டுக் கட்டு, இறுக்கிக் கட்டாதே.

நீ எதையும் பாதியில் விடுகிறவள் என்று ஊரே சொல்கிறது. நான் அப்படி நினைத்து உன்னிடம் கொடுக்கவில்லை. எனக்கு வேறு யாரும் இல்லை என்பதாலும் கொடுக்கவில்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல வெட்கமாக இருக்கும்.

நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த இடம் அது. வேலை போன பிறகு, ஒரு நாளில் நான் குடிக்காமல் இருந்த மூன்று மணி நேரம் அங்கேதான். கடைசி இரண்டு வாரம் அதுவும் போய்விட்டது. அந்த நாட்களில் என்ன செய்தேன் என்று கோர்வையாக நினைவில்லை. நாற்று நட்டது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. இங்கே எல்லோரும் எதையாவது பிடித்துக்கொண்டு நாளைத் தள்ளுகிறார்கள். ஒருவருக்கு மகளின் போட்டோ. எனக்கு அந்த இருபத்து நாலு செடி. இன்றோடு பதினெட்டு நாள்.

ஒரு வேலை செய். முதல் பூ வந்ததும் தக்காளி இலை ஒன்று பறித்துக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பு. அதன் வாசனை நாலு நாளாவது நிற்கும்.

அம்மாவிடம் நான் கேட்டதாகச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணன்


மே 6 (இது அனுப்பல)

அண்ணா,

நல்லாருக்கியானு கேக்கற நிலைமைல நான் இல்ல. ஒரு மாசமா உனக்கு எழுதாம இருக்கேன். இதையும் அனுப்பப் போறதில்ல. யார்கிட்டயாவது சொல்லலன்னா மண்ட வெடிச்சிரும், அதான்.

உன் செடி செத்துருச்சு. ஒண்ணு ரெண்டு இல்ல, மொத்தமும்.

ஏப்ரல் நடுவுலயே இலை எல்லாம் சுருண்டு, முறுக்குன துணி மாதிரி ஆச்சு. தண்டு வளைஞ்சு தரையப் பாத்துச்சு. தண்ணி பத்தலையோன்னு இன்னும் ஊத்தினேன். ஊத்த ஊத்த மோசமாச்சு. பீன்ஸும் அப்படியே. மிளகாயும் அப்படியே. டேப் சார் வந்து நின்னு, "என்னம்மா, பயிருக்குப் பதிலா கம்பிச்சுருளா போட்டிருக்க?"னு கேட்டுட்டுப் போனாரு.

பதினஞ்சாம் நம்பர் துண்டு வச்சிருக்கற மருந்துக்கடை அக்கா உனக்குத் தெரியும்ல, யாரப் பாத்தாலும் மாத்திரை எண்ற மாதிரி பாக்கறவங்க. அவங்கதான் வேலியத் தாண்டி வந்து, நான் தண்ணி ஊத்தற பச்சைப் பூவாளிய வாங்கி மோந்து பாத்தாங்க.

"இதுலயா ஊத்தற?"

"ஆமா. ஏன்?"

"களைக்கொல்லி நாத்தம் அடிக்குது. யாரு இதுல கலந்தது?"

"யாரும் இல்ல. ஷெட்டுல இருந்துச்சு."

"உங்கண்ணன் மார்ச்ல நடைபாதைக் களைக்கு மருந்து அடிச்சான். நிக்கவே முடியாம நின்னுட்டு அடிச்சான். இதுலதான் கலந்திருப்பான், கழுவாம வச்சிருப்பான்."

"எங்கண்ணன் அப்படிப்பட்டவன் இல்ல"னு கத்தினேன்.

"எப்படிப்பட்டவன் இல்ல?"னு கேட்டாங்க. கிண்டலா கேக்கல, நிஜமாவே கேட்டாங்க.

ஷெட்டுக்குப் பின்னாடி போய்ப் பாத்தேன். ரெண்டு பாட்டில் கிடந்துச்சு. ஒண்ணு களைக்கொல்லி. இன்னொண்ணு என்னன்னு உனக்கே தெரியும்.

நீ புடிச்சுட்டு இருக்கற செடிய நீயே கொன்னுட்டன்னு நான் எப்படிடா எழுதுவேன்? நான்தான் கொன்னேன்னு எழுதலாம். எனக்கென்ன புதுசா, சொதப்பினேன்னா எல்லாரும் நம்புவாங்க. ஆனா எப்படிச் செத்துச்சுன்னு நீ கேப்ப. நோண்டி நோண்டிக் கேப்ப. மெக்கானிக் புத்தி.

அந்த மருந்து அகல இலைச் செடியத்தான் கொல்லுமாம், புல்லு ஜாதிய ஒண்ணும் பண்ணாதாம். "சோளம் போடு, ஜூலைக்குள்ள ஆள் உயரம் வந்துரும்"னு ஒரு பொட்டலம் விதை வேலி மேல வச்சுட்டுப் போனாங்க. தேங்க்ஸ் சொல்ற அளவுக்கு எனக்கு அவங்க மேல கோவம் ஆறல.

இலை கேட்டிருந்தல்ல? அந்தக்கா வச்சிருக்கறதும் தக்காளிதான். தக்காளி இலைன்னா தக்காளி இலைதானே. நாளைக்கு அவங்க கடைக்குப் போனதும் ஒண்ணு பறிச்சு வைக்கறேன்.


மே 7

அண்ணா,

சுகமா இருக்கியா? இங்க வெயில் தவிர எல்லாரும் சுகம். லேட்டானதுக்கு மன்னிச்சிரு, தோட்டத்துல வேலை சரியா இருந்துச்சு.

செடிங்க பிரமாதமா இருக்கு. உன் தக்காளி என் இடுப்பு வரைக்கும் வந்துருச்சு. குச்சி நட்டுக் கட்டியாச்சு, நீ சொன்ன மாதிரி தளர்வாதான். பீன்ஸ் கொடி வேலிய விட்டு எட்டிப் பாக்குது. நேத்து டேப் சார் கூட நின்னு, "பரவால்லையே, உங்கண்ணன விட நீ தேவலாம்"னு சொன்னாரு. மஞ்சள்ல முதல் பூ ரெண்டு வந்திருக்கு. நீ கேட்ட இலை உள்ள இருக்கு. மோந்து பாத்துட்டு மேடத்துக்கும் குடு.

நான் ஒரு நாள் கூட மட்டம் போடல. காலைல ஆறே முக்காலுக்கு அங்க நிக்கறேன். அம்மாவே நம்பல. "ஆறு மணிக்கு எந்திரிக்கறாளே, இவளுக்கு என்ன ஆச்சு"னு நெத்தியத் தொட்டுப் பாத்தாங்க.

நாப்பத்தாறு நாள் ஆச்சுல்ல உனக்கு? நானும் எண்ணிட்டுதான் இருக்கேன்.

தெம்பா இரு.

வாலு


மே 20

அன்புள்ள வாலுக்கு,

இங்கு எல்லாம் வழக்கம்போல. உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலை வந்தது. நன்றாக இருக்கிறது. வாசனையும் இருந்தது.

ஷெட்டில் இருக்கும் பச்சைப் பூவாளியைத் தூக்கி எறிந்துவிடு. பழையது. வேறு வாங்கிக்கொள்.

அண்ணன்


ஜூன் 10

அண்ணா,

எப்படி இருக்க? இந்தத் தடவை சும்மா கேக்கல, பதில் வேணும்னு கேக்கறேன். மே 28ல ஒரு லெட்டர் போட்டேன், ஜூன் 3ல ஒண்ணு போட்டேன். ரெண்டுக்கும் சத்தமே இல்ல. உங்க ஆபீஸுக்கு ஃபோன் பண்ணா, "இருக்கார்மா, எழுதுவார்"னு ஒரே பல்லவி. இருக்கறவன் ஏன் எழுத மாட்டேங்கறான்?

பூவாளியத் தூக்கிப் போட்டுட்டேன். ஏன்னு நான் கேக்கல.

ஒரு விஷயம். தக்காளில பூச்சி விழுந்துருச்சு. பீன்ஸ்லயும். அதனால எல்லாத்தையும் எடுத்துட்டு சோளம் போட்டிருக்கேன். நல்லா வருது, இப்பவே என் இடுப்பு உயரம். மருந்துக்கடை அக்கா, "என் கத்திரிக்காய்க்கு நிழல் விழுது, உன் சோளத்த ஓரமா நிக்கச் சொல்லு"ங்கறாங்க. விதை குடுத்ததே அவங்கதான். நேத்து நான் அதச் சொன்னதும், "நான் சோளம் போடச் சொன்னேன், தென்னந்தோப்பு போடச் சொல்லல"ன்னாங்க. சண்டை போட்டுட்டே ரெண்டு பேரும் களை எடுத்தோம்.

டேப் சார் வந்து அளந்தாரு. சுத்தி ஒரு அடி விடாம அளந்துட்டு, "பயிர் கணக்கு சரி. இருபதாம் தேதி உங்கண்ணன் வந்து கையெழுத்து போட்டா முடிஞ்சுது"னு சொன்னாரு. பாதிக் கிணறு இல்ல, முக்காக் கிணறே தாண்டியாச்சு. இன்னும் நாப்பது நாள். நீ வந்தா போதும்.

எண்பது நாள் ஆச்சு உனக்கு. கோவமா இருந்தா திட்டியாவது எழுது. திட்டு வாங்கி எனக்குப் பழக்கம்தான், சும்மா இருக்கறதுதான் பழக்கமில்ல.

வாலு


ஜூன் 24

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. நலமா என்று நீ கேட்டாய்; பதில் கீழே இருக்கிறது. இந்தக் கடிதத்தை மேடம் படித்துவிட்டார். நானே முதலில் அவரிடம் கொடுத்தேன்.

நம் தக்காளி இலையின் ஓரம் ரம்பம் மாதிரி வெட்டுப்பட்டு இருக்கும். நீ அனுப்பிய இலைக்கு ஓரம் வழுவழு என்று இருந்தது, உருளைக்கிழங்கு இலை போல. அது மருந்துக்கடை அம்மா வைத்திருக்கிற வகை. கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. எதையும் பூசி மெழுகத் தெரியாதவள் நீ. நீ பொய் சொல்கிறாய் என்றால், ஒரு செடிகூட மிஞ்சவில்லை என்று அர்த்தம். எப்படி என்று யோசித்தேன். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் அந்தப் பூவாளி நினைவுக்கு வந்தது. மருந்து கலக்கியது நினைவுக்கு வந்தது. கழுவியது நினைவுக்கு வரவே இல்லை.

உனக்கு அது தெரிந்திருக்கிறது. தெரிந்தும் பூச்சி என்று எழுதியிருக்கிறாய்.

மே 24 காலை, காய்கறி வண்டி உள்ளே வந்தபோது கேட் திறந்திருந்தது. வெளியே நடந்துவிட்டேன். மூன்று நாள். எங்கே இருந்தேன், யார் கொண்டு வந்து விட்டார்கள் என்பதெல்லாம் உனக்கு வேண்டாம். இலையால்தான் போனேன் என்று நீ நினைக்கக் கூடாது. போக வேண்டும் என்று இருந்தவனுக்கு இலை ஒரு சாக்கு. மேடம் இப்படிச் சொல்லச் சொல்லவில்லை, நானே சொல்கிறேன்.

ஒருமுறை திரும்ப எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது முறை கிடையாது. கணக்கு மே 27இலிருந்து மறுபடி தொடங்குகிறது. இன்று இருபத்தெட்டாம் நாள். முடிவது செப்டம்பர் 24.

ஆனால் ஜூலை 20 அன்று நான் வருகிறேன். இது ஜெயில் இல்லை. நானே கையெழுத்துப் போட்டு வெளியே வரலாம். வந்தால் திரும்ப உள்ளே எடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நீ ஒன்றரை மாதத்தில் அந்த மண்ணில் சோளம் எழுப்பி வைத்திருக்கிறாய். என் ஒரு கையெழுத்து இல்லாமல் அது போகக் கூடாது. அந்த இடம் இருந்தால் நான் வெளியிலேயே சமாளித்துவிடுவேன். அது போய்விட்டால் எதற்கு இங்கே நாள் எண்ணுகிறேன் என்று எனக்கே தெரியாது.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்.

அண்ணன்


ஜூலை 1

அண்ணா,

உடம்பப் பத்தி கடைசில கேக்கறேன், முதல்ல திட்டிக்கறேன்.

அறிவிருக்கா உனக்கு? அம்பத்தி நாலு நாள்ல வெளிய வந்து சமாளிச்சுருவியா? அறுபது நாளத் தாண்டினவனே வண்டி கேட்டுக்குள்ள வந்ததும் நடந்துட்ட. நம்ம வீட்டுலேருந்து தோட்டத்துக்குப் போற வழில எத்தனை கடை இருக்குன்னு எனக்குத் தெரியும், உனக்கு இன்னும் நல்லாத் தெரியும்.

அம்மாகிட்ட பக்குவமா சொல்லுன்னு எழுதற. எனக்கு எங்க வரும் பக்குவம்? லாண்டரிக்குப் போய், "இருபதாம் தேதி அண்ணன் வர்றான்மா, முடிக்காமயே"ன்னேன். அம்மா கை நின்னு போச்சு. இஸ்திரிப் பெட்டி ஒரு சட்டை மேல அப்படியே இருந்துச்சு. புகை வந்தப்பதான் ரெண்டு பேரும் பாத்தோம். இருபத்திரண்டு வருஷத்துல அம்மா ஒரு துணிய கருக்கினதில்ல. முதலாளி திட்டல, அதுவே கஷ்டமா இருந்துச்சு. வீட்டுக்கு வர்ற வழில அம்மா ஒரே ஒரு தடவ வாயத் தொறந்தாங்க. "மறுபடியும் அவன் வர்ற சத்தத்துக்குக் காத வச்சுட்டு உக்காரணுமா?" அவ்ளோதான்.

இலைக்கு மன்னிச்சிரு. தக்காளில வகை இருக்குன்னே எனக்குத் தெரியாதுடா. சாக்குதான்னு நீ எழுதினது நல்லதுதான், ஆனா நான் நம்பல. விடு.

டேப் சார்கிட்ட கேட்டுட்டேன். மருந்துக்கடை அக்காவும் கூட வந்தாங்க. எங்கண்ணன் எங்க இருக்கான்னு உண்மையையே சொன்னேன். செப்டம்பர் வரைக்கும் டைம் குடுங்க, இல்லன்னா நான் கையெழுத்து போடறேன்னு கெஞ்சினேன். நான் கெஞ்சினத நீ பாத்ததில்ல, பாக்க சகிக்காது. அவரு மூக்குக் கண்ணாடியக் கழட்டித் தொடைச்சிட்டு, "எனக்கும் ஒரு தம்பி இருந்தான்மா"ன்னாரு. இளகிட்டாருன்னு நெனச்சேன். அப்பறம் கண்ணாடியப் போட்டுட்டு, "விதி விதிதான்"னு சொல்லிட்டாரு.

அதனால இடம் போகுது, போகட்டும். அஞ்சுக்குப் பத்து மீட்டர் மண்ணு. நீ வராத. வரலன்னு ஒரு வரி எழுது, எனக்குத் தூக்கம் வரும்.

சாப்பிடறியா? கை நடுங்குதா?

வாலு


ஜூலை 8

வாலு,

நான் நலம். முடிவு செய்துவிட்டேன், மாற்றமில்லை. 20ஆம் தேதி காலை எட்டு மணி பஸ். பதினொன்றுக்கு கேட்டில் நில்.

அண்ணன்


ஜூலை 14

அண்ணா,

நீ நல்லாருக்கணும். இத எப்பவும் மாதிரி எழுதற வரின்னு நெனச்சிராத.

பதினாலாம் நம்பர இன்னிக்குக் காலைல திருப்பிக் குடுத்துட்டேன்.

நீ எழுதிக் குடுத்த அதிகாரக் கடிதம் இருக்கே, "எனக்குப் பதிலாக எல்லாக் காரியங்களையும் என் தங்கை செய்யலாம்"னு. அத எடுத்துட்டு சங்கத்து ரூமுக்குப் போனேன். ஒரு மேஜை, ரெண்டு நாற்காலி, சுவத்துல நாப்பது ஆணி, ஒவ்வொண்ணுலயும் ஒரு நம்பர்.

"சார், இத வச்சு ஆய்வுல கையெழுத்து போட முடியாதுன்னு சொன்னீங்க. துண்ட ஒப்படைக்க முடியுமா?"

"ஒப்படைக்கவா? தாராளமா. வச்சுக்கறதுக்குத்தான்மா அவர் வரணும். விட்டுட்டுப் போக யார் வந்தா என்ன."

"அப்ப ஒரு ஃபாரம் குடுங்க."

அவருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு. "இன்னும் ஆறு நாள் இருக்கே. அவர்தான் வர்றார்னு சொன்னியே?"

"அதுக்குத்தான் சார்."

அப்பறம் ஃபாரத்த எடுத்துக் குடுத்து, எங்க கையெழுத்து போடணும்னு விரல வச்சுக் காட்டினாரு. டேப்ப வெளிய எடுக்கவே இல்ல.

மருந்துக்கடை அக்கா வாசல்லயே நின்னுட்டு இருந்தாங்க. "பைத்தியமா நீ? உள்ள போய் ஃபாரத்தக் கிழிடி. கதிர் இன்னும் பத்து நாள்ல முத்திரும்"னு கையப் புடிச்சு இழுத்தாங்க. நான் போகல. அவங்கதான் அழுதாங்க. யாரப் பாத்தாலும் மாத்திரை எண்ற கண்ணு அது.

சோளம் என் தலைக்கு மேல ஒரு முழம் நிக்குது. கதிர்ல பட்டு நூல் மாதிரி விட்டிருக்கு, செவப்பா. கடைசியா ஒரு தடவ தண்ணி ஊத்தினேன். ஊத்தாம வர மனசு வரல. இந்த நாலு மாசத்துல ஒரே ஒரு நாள்தான் நான் மட்டம் போட்டேன், அன்னிக்கும் காய்ச்சல். இத யார்கிட்ட சொன்னா நம்புவாங்க? காலேஜ விட்டப்ப கூட எனக்கு இப்படி இல்ல. அத விடணும்னு விட்டேன்.

நீ என்ன மன்னிக்கலன்னா பரவால்ல. நாலு வருஷம் வரிசைல நின்னு வாங்கினத நாலு நிமிஷத்துல குடுத்துட்டு வந்திருக்கேன். ஆனா இருபதாம் தேதி பதினொரு மணிக்கு நான் கேட்டுல நிக்க மாட்டேன். அந்தச் சாவியும் என்கிட்ட இல்ல. வந்து கையெழுத்து போட எந்த இடமும் இல்ல. நீ அங்கயே இரு.

அம்மாகிட்ட சொன்னேன். சோறு போட்டாங்க. நான் கேக்காமயே இன்னொரு தடவ போட்டாங்க.

வாலு


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலுக்கு,

அண்ணன் எழுதுவது. அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ சாப்பிடுகிறாயா?

கோபம் தீர்ந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். தீரவில்லை. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

உன் கடிதம் பதினெட்டாம் தேதி கிடைத்தது. படித்துவிட்டுக் கிழித்தேன். உன்னைத் திட்டி நான்கு பக்கம் எழுதினேன், வாயில் வந்ததையெல்லாம் எழுதினேன். மேடம் அதை நிறுத்தி வைக்கவில்லை, "அனுப்பட்டுமா?" என்று மட்டும் கேட்டார். அப்போது வாங்கி அதையும் கிழித்தேன்.

ஆனாலும் இருபதாம் தேதி காலை பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். வீம்புதான். வெளியே போகும் பதிவேட்டை வாட்ச்மேன் திறந்து வைத்தார். பெயர், தேதி, நேரம் எல்லாம் எழுதினேன். அடுத்த கட்டத்தில் 'எங்கே செல்கிறீர்' என்று இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு நின்றேன். "எழுதுப்பா, பின்னாடி ஆள் நிக்குது" என்றார். எனக்கு எழுத ஒன்றும் வரவில்லை. வீடு என்று எழுதலாம்தான். அம்மா காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கண்ணில் நின்றது. கை போகவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்தேன். எட்டு மணி பஸ் போனது. பத்து மணி பஸ்ஸும் போனது. மதியச் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள். பசித்தது. உள்ளே போய்ச் சாப்பிட்டேன். அன்று பையைப் பிரிக்கவில்லை. அடுத்த வாரம்தான் பிரித்தேன்.

நீ செய்தது சரி என்று என்னால் இன்னும் எழுத முடியவில்லை. ஒருநாள் எழுதுவேனா என்றும் தெரியவில்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். அந்தத் துண்டை எடுத்துக்கொண்டவர் யார் என்று எனக்குச் சொல்லாதே. தினமும் தண்ணீர் விடுகிறாரா, அது மட்டும் பார்த்து எழுது.

அண்ணன்